படலை திறந்து வரும் சுகாதாரம்

யாழ்ப்பாணத்தில் இன்று ஒரு பிள்ளை வீட்டில் பிறந்தால் அது ஊரெல்லாம் பேசும் செய்தி. இலங்கையின் பிரசவங்களில் 99 வீதத்துக்கும் மேலானவை வைத்தியசாலைகளில்தான் நடக்கின்றன. குடாநாட்டிலும் அப்படித்தான். பருத்தித்துறையிலோ தெல்லிப்பழையிலோ சாவகச்சேரியிலோ யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலோ பிள்ளை பிறக்கிறது. சில நாளில் தாயும் சேயும் வீடு வந்து சேர்கிறார்கள். அப்படியிருக்க, ஊருக்குள் ஒரு மருத்துவமாது எதற்கு?

பிள்ளையை ஏந்திக்கொள்வது மட்டும்தான் அவளுடைய வேலை என்றால், அந்த வேலை வைத்தியசாலைக்குப் போய்விட்டது உண்மைதான். ஆனால் தாயின் உயிரும் பிள்ளையின் உயிரும் பிரசவ அறையில் கழியும் சில மணி நேரத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை. அதற்குப் பல மாதங்கள் முன்பே குசினியிலும் கிணற்றடியிலும், யார் எதைச் சாப்பிடலாம் என்று மாமியார் சொல்லும் சொல்லிலும், அவை தீர்மானமாகத் தொடங்கிவிடுகின்றன. அந்த இடங்களுக்கெல்லாம் ஒழுங்காகப் போய்வருகிற அரச சுகாதார ஊழியர் அவள் ஒருத்திதான்.

அரச கடிதங்களில் அவள் குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் மிட்வைஃப் மிஸ். சுமார் 3,000 பேர் வாழும் பகுதி ஒருத்தியின் பொறுப்பு. 18 மாதம் பயிற்சி பெறுகிறாள்: ஒரு வருடம் தாதியர் பயிற்சிக் கல்லூரியிலும் வைத்தியசாலையிலும், மிச்சம் களத்தில். 3,000 பேர் வாழும் இடத்தில் ஆண்டுக்கு முப்பது நாற்பது பிள்ளைகள் பிறக்கும். அந்தப் பிள்ளைகளின் வீட்டுப் படலையும் எந்தப் பக்கம் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதும் தெரியும்.

மருத்துவிச்சியின் காலம்

அவளுக்கு முன் ஊரில் இருந்தவள் மருத்துவிச்சி. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட குடும்பங்களிலிருந்தே அவள் பெரும்பாலும் வந்தாள். நோவு எடுத்ததும் நடுச்சாமத்தில் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் அவள் மீண்டும் முற்றத்துக்கு வெளியே நிற்க வேண்டியவள். கைப்பழக்கத்தில் அவள் குறைந்தவள் அல்லள். தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வயிற்றைத் தடவிச் சொல்லுவாள். அவளிடம் இல்லாதது கிருமி பற்றிய அறிவு. அந்தக் காலத்தில் அது யாரிடமும்தான் இருக்கவில்லை.

தொப்புள்கொடியை வீட்டில் கிடந்த கத்தியாலோ கூரான வேறெதனாலோ வெட்டினார்கள். ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெட்டுவாயில் அவை புகுந்தால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு, நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை குடிக்க முடியாமல் போகும், தாடை இறுகும், உடம்பு வில்லாய் வளையும். வீட்டார் அதைக் கொத்தி என்ற பேயின் வேலை என்று பயந்து கழிப்புக் கழித்தார்கள். பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றும் பேய் என்று குடாநாட்டில் கொத்தியை நம்பினார்கள். கண்முன் நடந்ததற்கு வேறு விளக்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1969 முதல் இலங்கையில் கர்ப்பவதிகளுக்கு ஏற்பு ஊசி போடத் தொடங்கினார்கள். ஊசி தாய்க்கு, காவல் பிள்ளைக்கு. தாயின் உடம்பில் உண்டாகும் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தைத் தாண்டிப் பிள்ளையின் குருதிக்குப் போகின்றன. பிள்ளை பிறக்கும்போதே காவலோடு பிறக்கிறது. ஊசி மருந்து விலை அதிகமில்லாதது. கடினமானது வேறு: எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறாள் என்பதை நேரகாலத்தோடு அறிந்து அவளைக் கிளினிக்குக்கு வரவைப்பது. அதைச் செய்தவள் மருத்துவமாது.

கிருமியை அறியாதவள் மருத்துவிச்சி மட்டும் அல்லள். யாழ்ப்பாணத்துக்கு மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கே வந்தது 1847இல். அதே ஆண்டில் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் ஒரு கணக்கைப் பார்த்துத் திகைத்துப்போயிருந்தார். அங்கே ஒரே வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பயிலும் பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் அளவில் பிரசவக் காய்ச்சலால் இறந்தார்கள். மருத்துவமாதர் பயிலும் பிரிவில் நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. மாணவர்கள் பிணஅறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்தார்கள், மருத்துவமாதர் பிணஅறைக்குப் போவதில்லை என்பதுதான் வித்தியாசம். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார் செம்மல்வைஸ். சில மாதத்திலேயே சாவு நூற்றுக்கு இரண்டு, ஒன்று என்று விழுந்தது. கிருமிக் கொள்கை உருவாகுமுன்பே இது நடந்தது.

கிறீன் மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1850களிலேயே பிரசவ வைத்தியத்துக்குத் தமிழ்நூல் வந்துவிட்டது. ஆனாலும் ஆண் வைத்தியர் தொட்டுப் பார்க்கப் பெண்கள் சம்மதிக்கவில்லை. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். மேரி, மார்கிரெட் லீச் என்ற இரு சகோதரிகள் திரட்டிய பணத்தில் எழுந்த அந்த ஆஸ்பத்திரியில் பெண் வைத்தியர்கள் இருந்தார்கள். ஊர்ப் பெண்கள் தாதியராகவும் மருத்துவமாதராகவும் பயின்றார்கள். கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி அதற்கும் முந்தியது, 1879.

ஆனால் இவையெல்லாம் நோயாளி தேடிப் போகிற இடங்கள். 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது திசை மாறியது. சுகாதாரம் வீடு தேடி வந்தது. அந்த முறை நாடெங்கும் பரவியபோது அதன் அடிவேராக இருந்தவள் மருத்துவமாது.

வராதவளின் பெயர்

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். 1950இல் இது 500க்கும் 600க்கும் இடையில் வந்தது. இன்று 30 அளவில் நிற்கிறது. இவ்வளவு ஏழை நாடு இவ்வளவு குறைந்த செலவில் இதைச் செய்தது எப்படி என்று உலக வங்கி உட்படப் பலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

காரணம் ஒன்றல்ல. மலேரியா அடங்கியது. இலவசக் கல்வியால் பெண்கள் படித்தார்கள். வைத்தியசாலைகளில் பணம் கட்டத் தேவையில்லாமல் போனது. கிருமியெதிரி மருந்துகளும் குருதி வங்கியும் வந்தன. இவை அனைத்தையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு விடயத்தை நான் முன்னால் வைப்பேன். அது மருத்துவமாது கைப்பையில் கொண்டு திரியும் பதிவேடு.

வைத்தியசாலைக்குத் தெரிந்தது வந்தவர்களை மட்டும். நூறு கர்ப்பவதிகள் கிளினிக்குக்கு வந்தால் நூறு பேரையும் பார்த்துவிட்டோம் என்று அங்கே திருப்திப்படலாம். வராத பத்துப் பேர் அந்தக் கணக்கிலேயே இல்லை. இறப்பவர்களோ அந்தப் பத்துப் பேரிலிருந்துதான் அதிகம். மருத்துவமாதின் பதிவேடு வேறு வகை. பிள்ளை பெறும் வயதில் உள்ள தம்பதிகள் இருக்கிற குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு. கலியாணம் முடித்து வந்த புதுப்பெண் அந்தப் பகுதியில் காலடி வைத்ததும் அவள் பெயர் ஏறும். ஆகவே கிளினிக் நாளில் யார் வரவில்லை என்று மருத்துவமாதால் சொல்ல முடியும். அடுத்த நாள் காலை அந்த வீட்டில் போய் நிற்கவும் முடியும். தொற்றுநோயியல் படிப்பவர்கள் விகிதத்தின் கீழ்த்தொகை என்று பாடமாகப் படிப்பதை அவள் பெயர், வீடு, குடும்ப நிலைமை என்று ஆள் ஆளாக அறிந்து வைத்திருக்கிறாள்.

தாய் மரணங்களை ஆராய்ந்த தடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் மூன்று தாமதங்களைக் காட்டினார்கள்: ஆபத்து என்று உணர்ந்து புறப்படத் தீர்மானிப்பதில் தாமதம், வைத்தியசாலையைச் சென்று சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பிரசவத்தின் பின் குருதி பெருகத் தொடங்கினால், சிகிச்சை இல்லாத தாய் இரண்டு மணி நேரத்தில் இறந்துபோகலாம். வீட்டில் கூடியிருந்து யோசிக்க அந்த நேரம் காணாது.

நெடுந்தீவை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காற்றும் கடலும் இடம் கொடுத்தால். நடுநிசியில் நோவு கண்டு, குருதிப் போக்கும் தொடங்கினால், முதல் இரண்டு தாமதங்களும் அங்கே கடலாகவே கிடக்கின்றன. அதனால்தான் தீவுப் பெண்கள் நாள் நெருங்குமுன்பே குடாநாட்டில் உறவினர் வீட்டுக்கு வந்து தங்குகிறார்கள். எப்போது புறப்பட வேண்டும், யார் கூட்டிப் போவது, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, ஆடுமாட்டுக்கு யார் தண்ணீர் வைப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டியவை. தீவில் மருத்துவமாதின் வேலையில் பெரும்பகுதி இந்தப் பேச்சுத்தான். கடைசி நேரத்தில் படகு கிடைப்பதைவிட, படகே தேவைப்படாமல் செய்வது அவளுடைய சாதனை.

தேத்தண்ணியும் குளிசையும்

கருவில் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். அந்த நேரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரியாது. குழாய் சரியாக மூடப் போலிக்கமிலம் வேண்டும். மாதவிடாய் தள்ளிப் போய், சோதித்து, கிளினிக்குக்கு வந்து குளிசை வாங்கும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே மருத்துவமாது புதுமணத் தம்பதியின் வீட்டுக்கு முதலிலேயே போய், பிள்ளைக்கு யோசிக்கிறபோதே போலிக்கமிலம் தொடங்கச் சொல்லுகிறாள். ருபெல்லா ஊசி போட்டாயிற்றா, குருதி அமுக்கம் எப்படி, நிறை எவ்வளவு என்றும் பார்க்கிறாள். கலியாணக் களை மாறாத வீட்டில் இதைப் பேசுவதற்கு நல்ல பக்குவம் தேவை.

இரும்புச்சத்துக் குளிசையின் கதை இதைவிடச் சிக்கலானது. கிளினிக்கில் எல்லோருக்கும் அது கிடைக்கிறது. எல்லோருடைய குருதியிலும் அது ஏறுவதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி வரும். தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் குடலிலேயே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். கல்சியம் குளிசையை அதே வேளை போட்டாலும் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். தேசிக்காய்ச் சாற்றிலும் நெல்லிக்காயிலும் உள்ள விற்றமின் சி இரும்பை உடம்பு ஏற்கும் வடிவத்தில் வைத்திருக்க உதவும். மருந்து ஒன்றுதான், தாய் எந்த நேரத்தில் எதோடு விழுங்குகிறாள் என்பதில் பலன் மாறுகிறது. இதை அறிய, அவள் குளிசைப் பையை எங்கே வைத்திருக்கிறாள், குமட்டல் வந்ததும் யாருக்கும் தெரியாமல் எறிந்துவிடுகிறாளா என்று பார்க்க வேண்டும். கிளினிக் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

இலங்கையில் பிறக்கும் பிள்ளைகளில் சுமார் 16 வீதமானவை இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த நிறையில் பிறக்கின்றன. தாய் மரணத்தை இந்த அளவு குறைத்த நாட்டில் இந்த எண் இறங்க மறுப்பது எனக்குக் கவலை தருகிறது. சாவைத் தடுப்பதற்கு வைத்தியசாலை உதவும். சத்தைச் சேர்ப்பது வீட்டில் நடக்க வேண்டியது. 1973 முதல் திரிபோஷா மா கர்ப்பவதிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கொடுக்கப்படுகிறது. அந்தப் பைக்கற்றில் பாதியை வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்பது எல்லா மருத்துவமாதருக்கும் தெரிந்ததே. பசித்த வீட்டில் தாய்க்கு மட்டும் என்று ஒரு பைக்கற்றைப் பூட்டி வைக்க முடியாது.

ஐந்தாம் நாள் வருகை

பிள்ளை பிறந்த முதல் பத்து நாளில் இரண்டு முறை மருத்துவமாது வர வேண்டும். முதல் வருகை ஐந்து நாளுக்குள். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் ஒரு முறை, நாற்பத்திரண்டாம் நாளை ஒட்டி ஒரு முறை. முதல் வருகையில் என்ன நடக்கிறது என்று கிட்டநின்று பார்ப்போம்.

வந்ததும் கைகழுவுகிறாள். தாயைப் படுக்கவைத்து அடிவயிற்றை அழுத்திப் பார்க்கிறாள். பிள்ளை பிறந்ததும் தொப்புளளவில் இருக்கும் கருப்பை, நாளுக்கு ஒரு விரலகலம் அளவில் கீழே இறங்கி, இரண்டு வாரத்தில் கைக்கு அகப்படாமல் போய்விட வேண்டும். இறங்காமல் மெத்தென்று நின்றால், உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது அல்லது கிருமி தொற்றியிருக்கிறது. பிரசவக் கழிவின் மணத்தைக் கேட்டறிகிறாள். காய்ச்சல் உண்டா, கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி நோகிறதா, மார்பு கட்டியிருக்கிறதா? சத்திரசிகிச்சை என்றால் காயம். பிறகு பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுகிறாள். மஞ்சள் முகத்தோடு நின்றால் பெரும்பாலும் தானாக மாறும். உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கொடி விழுந்த இடத்தில் பூசிய திருநீறோ எண்ணெயோ இருக்கிறதா என்றும் பார்க்கிறாள்.

"பிள்ளை நேற்று எத்தினை தரம் மூத்திரம் போனது, தங்கச்சி?"

"ஆறேழு தரம் இருக்கும், மிஸ்."

"அப்ப பால் காணுது. யோசிக்காதேங்கோ."

பக்கத்தில் நிற்கும் அம்மம்மாவுக்கு இது போதாது. "பிள்ளைக்குத் தொண்டை வறளுது போல கிடக்கு, மிஸ். கொதிச்சாறின தண்ணி ஒரு கரண்டி பருக்கினால் என்ன?"

"வேண்டாம் அம்மா. தாய்ப்பாலிலேயே வேண்டிய தண்ணி இருக்குது. ஆறு மாசத்துக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்களவில் நீர்தான். இது உலகெங்கும் பொருந்தும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்த ஒரு கரண்டித் தண்ணீரை மறுப்பதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. அது மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது, கிணறுதான் எல்லாம். அந்தக் கல் நீரை வேகமாக உள்ளே விடும், வடிகட்டாமலே விடும். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடும் உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குப் போகிறது. நெருக்கமான வளவுகளில் மலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று வருகிறது. பல கிணறுகளில் அது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன.

பெரியவர்கள் இதைத் தாங்குவார்கள். சில மாதக் குழந்தைக்கு வேறு கணக்கு. அதன் இரைப்பையில் அமிலம் குறைவு. அங்கே வளரும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றிவிடும். நைத்திரைற்று குருதிக்குள் போய் ஈமோகுளோபினில் உள்ள இரும்பை ஒட்சியேற்றும். அப்படி மாறிய ஈமோகுளோபினால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. அதைத் திருத்தி எடுக்கும் நொதியம் குழந்தையிடம் இன்னும் போதிய அளவில் இல்லை. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் நீலம் பாயும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த குழந்தைகளில் இதை 1945இல் ஹண்டர் கொம்லி என்ற வைத்தியர் முதன்முதலில் விவரித்தார். குழந்தைக்கு வயிற்றோட்டமும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும்.

கொதித்தாறிய நீரைக் குடியுங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். கிருமிக்கு அது சரியான மருந்து. நைத்திரேற்று கொதிக்கவைத்தால் போகாது. நீர் ஆவியாக, மிச்சத்தில் அது சற்றுச் செறியும். வெளிநாட்டிலிருந்து சித்தியோ மாமியோ ஆசையோடு அனுப்பிய பால்மாப் பேணியை, நன்றாகக் கொதித்து ஆறிய கிணற்று நீரில் கரைத்துக் கொடுக்கும் தாய், எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருப்பாள். தாய் குடிக்கும் நீரின் நைத்திரேற்று பாலில் அதிகம் ஏறுவதில்லை. அவளுடைய உடம்பே குழந்தைக்கு வடி. ஆகவே ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற உலகப் பொதுவான அறிவுரை வலிகாமத்தில் நிலத்தடி நீர்ப் பிரச்சினைக்குமான விடையாகிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானவை தாய்ப்பால் மட்டுமே குடித்தன. விளம்பரப் பலகைகளால் வந்த எண் என்று நான் நினைக்கவில்லை. கட்டிலோரத்தில் இருந்து, பிள்ளையின் வாயை மார்பில் சரியாகப் பொருத்திக் காட்டிய கைகளால் வந்தது.

பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவமாது பத்தியத்துக்கு எதிரி என்று பழைய ஆட்கள் சிலர் நினைக்கிறார்கள். நல்ல மருத்துவமாது அப்படி இல்லை. சரக்குக் கறி, உள்ளி, பால்சுறா, முருங்கையிலை, உளுத்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் சத்தானவை, இருக்கட்டும் என்பாள். தண்ணீரைக் குறைப்பதையும் பழத்தை விலக்குவதையும் சத்திரசிகிச்சைக் காயத்தோடு கொதிக்கக் கொதிக்க வேது குளிப்பதையும் விடச் சொல்லுவாள். 1986இல் ஒட்டாவாவில் வெளியான சுகாதார மேம்பாட்டுச் சாசனம், மக்கள் தங்கள் ஆரோக்கியத்தைத் தாங்களே ஆளும் வல்லமையைப் பெறச் செய்வதே நோக்கம் என்கிறது. அம்மம்மாவை வாயடைக்கவைத்தால் அது நடக்காது. அவளைத் தன் பக்கம் சேர்த்தால் நடக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த செ. சிவஞானசுந்தரம் இதை நன்கு அறிந்தவர். நந்தி என்ற பெயரில் நாவலும் சிறுகதையும் எழுதிய அவர், தாய்மை பற்றி எழுதிய நூலுக்கு வைத்த பெயர் ‘அருமைத் தங்கைக்கு’.

கரண்ட் இல்லாத ஆண்டுகள்

1990இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் தடை. தடுப்பு மருந்துகள் 2 பாகை முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் சூடேறினால் சில மருந்து சக்தி இழக்கும், உறைந்தால் வேறு சில கெடும். யாழ்ப்பாணத்து வெயிலில் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியையும் ஐஸ் பெட்டியையும் வைத்துக்கொண்டு தடுப்பூசி கெடாமல் காத்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அந்த மழை இரவில் வயிற்றுப்பிள்ளைத்தாய்ச்சிகளும் பச்சைப் பிள்ளைக்காரிகளும் நடந்தார்கள். மருத்துவமாதரும் அவர்களோடு இடம்பெயர்ந்த பெண்களே.

தாயின் கர்ப்பப் பதிவும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவும் குடும்பத்தின் கையிலேயே இருப்பதன் அருமை இப்படியான காலத்தில் தெரியும். கோப்பு அலுமாரியில் பூட்டிய பதிவு அலுமாரியோடு போய்விடும். முந்தானையில் முடிந்த அட்டை முகாமுக்கும் வரும். அங்கே முன்பின் தெரியாத இன்னொரு மருத்துவமாது அதை விரித்துப் பார்த்து, எந்த ஊசி போட்டாயிற்று, எது மிச்சம் என்று அந்த நிமிடமே சொல்லலாம். இலங்கையில் கடைசியாக உறுதிசெய்யப்பட்ட போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல், போர் நடந்துகொண்டிருந்தபோது. 1995 முதல் நடந்த தேசிய போலியோ தடுப்பு நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கியை இறக்கிவைக்கச் சம்மதித்தன. சண்டை நின்ற அந்தச் சில நாட்களில் சொட்டு மருந்தைப் பிள்ளையின் வாயில் விட ஆட்கள் ஊரில் இருந்தார்கள். அந்த ஆட்கள் முன்பே ஊரில் இல்லாதிருந்தால் சண்டை நின்றும் பயனில்லை.

இன்றைய சுமை

இப்போது மருத்துவமாதின் முன்னால் நிற்பவை வேறு நோய்கள். கர்ப்பகாலத்தில் நீரிழிவு வந்த தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிட்டது, சுகம் என்று எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவளை ஆண்டுதோறும் நினைவூட்டிச் சோதனைக்கு அனுப்பக்கூடியவள் மருத்துவமாதுதான். உலகளவில் பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 வீதமானோருக்கு மன உளைச்சல் நோயளவுக்குப் போகிறது. புருஷன் வெளிநாட்டில், தாய் தகப்பன் போரில் இல்லாமல் போனவர்கள் என்று தனித்த பெண்கள் இங்கே உண்டு. நாலு சுவருக்குள் அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் "நித்திரை கொள்ளுறீங்களோ?" என்று கேட்க வெளியிலிருந்து யார் வருகிறார்கள்? 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகளுக்கு முப்பத்தைந்து வயதும் அதற்கு மேலுமான பெண்களை மார்பு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுப்புவதும் மருத்துவமாதின் பொறுப்பே.

2022இன் பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் இல்லாமல் நாடே நின்றது. திரிபோஷா வராமல் தாய்மார் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒரு மருத்துவமாது இரண்டு மூன்று பேரின் பகுதியைச் சேர்த்துப் பார்க்கும்போது முதலில் வெட்டுப்படுவது வீட்டு வருகை. கிளினிக் நடக்கும், அறிக்கை போகும், எண்கள் சரியாக இருக்கும். வராதவளைத் தேடிப் போக நேரம் இருக்காது. இதை ஒரு சிறிய குறையாக எண்ணக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேவையான இடமெல்லாம் பயிற்சி பெற்ற மருத்துவமாதர் இருந்தால் உலகில் தாய் மரணங்களில் 67 வீதத்தைத் தடுக்கலாம் என்று 2021ஆம் ஆண்டின் உலக மருத்துவமாதர் அறிக்கை கணக்கிட்டது. அந்தத் துறையில் உலகுக்கு முன்னுதாரணமான நாடு வெற்றிடங்களை நிரப்பத் தாமதிப்பது தகாது.

உங்களிடம் கேட்பது சிறிது. உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு மருமகள் வந்திருந்தால், அல்லது நீங்களே அந்தப் புதுப்பெண் என்றால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெயரைக் கொடுங்கள். கரு நின்றதாக ஐமிச்சம் வந்ததும், எட்டு வாரம் ஆகுமுன், மருத்துவமாதிடம் சொல்லிவிடுங்கள்; மூன்று மாதம் கழியட்டும், கண்ணூறு படும் என்று காத்திருக்க வேண்டாம். அவள் வந்தால் உள்ளே கூப்பிட்டு இருத்துங்கள். குளிசை எறிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பால்மாப் பேணிக்குப் பதிலாக, அந்தத் தாய் முட்டையும் மீனும் வாங்கக் காசாக அனுப்புங்கள். மருத்துவமாதின் பதிவுக்கும் வருகைக்கும் ஊசிக்கும் குளிசைக்கும் நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.